மாத்தேரான் மலையில் மறுபடி நீராவி எஞ்சின் ஓடுமா?

மும்பைக்குப் பக்கத்து மாத்தேரான் மலை ரயிலுக்கு அடிவார ஸ்டேஷன் நேரல். அங்கே காட்சிக்கு நிற்கும் குட்டி எஞ்சினைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வந்த மும்பை சயான்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊட்டியிலும் டார்ஜிலிங்கிலும் நீராவி எஞ்சின் இன்றைக்கும் புகைவிட்டு ஓடுகிறது. மாத்தேரானில் மட்டும் பெயின்ட் அடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்களே. கரி போட்டுப் பற்றவைத்தால் ஓடாதா? பணம் இல்லையா, மனம் இல்லையா?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. காட்சிக்கு நின்ற எஞ்சினை மறுபடி உயிர்ப்பிக்க முடியுமா என்பது ஒன்று. உயிர்ப்பித்தாலும் அந்த மலையில் தொடர்ந்து ஓட்ட முடியுமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் கிட்டத்தட்ட "முடியும்". இரண்டாவதுதான் சிக்கல்.

நான் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் வேலை பழகியவன். பிறகு பிழைப்பு பம்பாய்க்கு இழுத்து வந்தது. பரேல் பக்கம் மில்கள் ஓடிய காலத்தில் லங்காஷயர் பாய்லர்களோடு பல வருஷம் போராடியிருக்கிறேன். எஞ்சின் ஓட்டியவன் அல்ல. ஆகவே பாய்லரைப் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். மலைப்பாதையில் ஓட்டுவது பற்றிச் சொல்வதெல்லாம் டிரைவர்களும் ஃபயர்மேன்களும் சொல்லக் கேட்டது.

முதலில் ஒரு விஷயம். மாத்தேரானில் நீராவி மறுபடி ஓடவே இல்லை என்பது சரியல்ல. பழைய எஞ்சின்கள் 1980களின் தொடக்கத்தோடு ஓய்ந்து டீசல் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் 2001 மார்ச்சில் டார்ஜிலிங் ரயிலின் பி வகுப்பு எஞ்சின் ஒன்றை, 794 என்ற எண்ணுள்ளதை, சுற்றுலா வண்டி இழுப்பதற்காக இங்கே கொண்டு வந்தார்கள். வந்த உடனே ஓடவில்லை. 2002 மே மாதம்தான் வேலைக்கு இறங்கியது. இரண்டு பாதைக்கும் இரண்டடி அகலம் என்பதால் அங்கிருந்து இங்கே மாற்ற முடிந்தது. வரலாற்று எஞ்சின் ஒன்றை இந்த மலையில் ஓட்டுவது நடக்கிற காரியம் என்பதற்கு அதுவே சாட்சி. தொடர்ந்து ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் அதேதான் சாட்சி, ஏனென்றால் அதுவும் இப்போது ஓடவில்லை.

மாத்தேரானுக்கே சொந்தமான எஞ்சின்கள் வேறு. சர் ஆதம்ஜி பீர்பாயின் பணத்தில் அவர் மகன் அப்துல் ஹுசேன் போட்ட பாதை இது. 1907 மார்ச் 22 அன்று திறந்தார்கள். அதற்காக ஜெர்மனியின் ஓரென்ஸ்டைன் அண்டு கோப்பல் கம்பெனியிலிருந்து நான்கு எஞ்சின்கள் வந்தன. ஆறு சக்கரமும் இழுக்கும் சக்கரம், தண்ணீர்த் தொட்டி எஞ்சினோடேயே இருக்கும். நேரலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் பாதை, ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். சில இடங்களில் 20 அடி போவதற்குள் ஓர் அடி ஏற்றம். வளைவுகளோ கொண்டை ஊசி மாதிரி. இவ்வளவு குறுகலான வளைவில் மூன்று அச்சும் ஒரே சட்டத்தில் இறுகியிருந்தால் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை அரைத்தே தீர்த்துவிடும். அதற்காக முன் அச்சிலும் பின் அச்சிலும் கிளீன்–லிண்ட்னர் என்ற அமைப்பை வைத்தார்கள். சக்கரங்களைத் தாங்கும் அச்சு ஒரு குழாய். அதற்குள்ளே கெட்டியான இன்னோர் அச்சு, நடுவில் உருண்டை மூட்டு. உள் அச்சு சட்டத்தோடு நேராகவே சுழல, வெளிக்குழாய் சக்கரங்களோடு வளைவுக்குத் தகுந்தபடி திரும்பிக்கொள்ளும். இந்த நான்கில் 738 எண்ணுள்ளது டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 740 இங்கிலாந்துக்குப் போய்விட்டது. மற்ற இரண்டும் இந்தப் பாதையின் இரு முனைகளிலும் காட்சிக்கு.

"கரி போட்டுப் பற்றவைத்தால் ஓடாதா?" என்ற இடத்துக்கு வருகிறேன். எஞ்சினின் சக்கரம், தண்டு, சிலிண்டர் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பாகங்கள். தேய்ந்திருந்தால் அளந்து பார்த்துவிடலாம், புதிதாகக் கடைந்து போட்டுவிடலாம். பாய்லர் அப்படியல்ல. வெளியே பளபளவென்று பெயின்ட் இருக்கும், உள்ளே தகடு தின்னப்பட்டிருக்கும். பி வகுப்பு எஞ்சினின் வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டு. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. சுமார் 180 டிகிரி செல்சியஸில் தண்ணீராகவே நிற்கிறது. தகடு எங்காவது கிழிந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கும், தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் கணத்திலேயே ஆவியாகும். ஆவியான ஒவ்வொரு லிட்டரும் வெளிக்காற்றில் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். பாய்லர் வெடிப்பது என்பது இதுதான். அதனால்தான் பழைய பாய்லரை முதலில் நீராவியில் சோதிக்க மாட்டோம். குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட அதிகமாகப் பம்ப் அடித்துப் பார்ப்போம். தண்ணீர் சுருங்காது, விரியாது. பலவீனமான இடம் இருந்தால் ஒழுகும், அவ்வளவுதான். யாருக்கும் ஆபத்தில்லை.

அந்தச் சோதனைக்கு முன்னே உள்ளே இறங்கிப் பார்ப்பது ஒன்று இருக்கிறது. குட்டி எஞ்சின்களில் அது பெரும்பாடு. அடுப்பு வாசல் வழியாகத் தோளைச் சாய்த்து, ஒரு கையை முன்னே விட்டு நுழைந்தால்தான் ஃபயர்பாக்ஸுக்குள் போக முடியும். உள்ளே போனால் நான்கு பக்கமும் வரிசை வரிசையாக ஸ்டே ஆணிகளின் தலை. அடுப்பின் உள்தகடும் வெளித்தகடும் அழுத்தத்தில் பிரிந்துவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பவை இவைதான். சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல ஸ்டே கணீரென்று பதில் சொல்லும், கையிலும் சுத்தியல் துள்ளும். உள்ளே முறிந்தது மொத்தென்று கேட்கும். வெளியே நிற்கும் ஆள் சாக்பீஸால் குறிப்பான். முறிந்தவை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் மாற்றிவிடலாம். அடுத்தடுத்து இருந்தால் அந்தத் தகட்டையே நம்ப முடியாது. இப்போது தகட்டின் கனத்தை ஒலி அலையால் அளக்கும் கருவி வந்துவிட்டது, ரொம்ப உதவி. ஆனாலும் காதை நம்பித் தட்டிப் பார்ப்பதை நான் விடமாட்டேன்.

ஆகவே நேரலில் நிற்கும் எஞ்சினின் பாய்லர் எந்த நிலையில் இருக்கிறது என்று, மேலே சுற்றியிருக்கும் உறையைக் கழற்றி, அடுப்பின் சூடு போகும் டியூப்களை உருவி, உள்ளே பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. படத்தைப் பார்த்து "இது ஓடும்" என்பவரையும் நம்பாதீர்கள், "இது அவ்வளவுதான்" என்பவரையும் நம்பாதீர்கள். என் ஊகம், மும்பைப் பக்க மழையில் வெளியே நின்ற பாய்லருக்குக் குறைந்தது புது டியூப்களும் அடிப்பக்கத் தகட்டில் ஒட்டு வேலையும் தேவைப்படும். முழு பாய்லரையே புதிதாகச் செய்வதுதான் மலிவு என்று கடைசியில் முடிந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

புதிதாகச் செய்தால் அது பழைய எஞ்சினா என்று சிலர் கேட்பார்கள். நீராவி எஞ்சின் வேலையில் இருந்த காலத்திலேயே பாய்லரை மாற்றுவது சகஜம். ஒர்க்‌ஷாப்பில் உபரி பாய்லர்கள் இருக்கும். ஓர் எஞ்சினிலிருந்து கழற்றியது பழுது பார்த்தபின் இன்னோர் எஞ்சினுக்குப் போகும். டெல்லி அருங்காட்சியகத்தில் இருந்த ஃபேரி குயின் 1855இல் செய்தது, அகலப்பாதை எஞ்சின். பல ஆண்டுகள் சும்மா நின்றுவிட்டு 1997இல் மறுபடி பயணிகளோடு மெயின் லைனில் ஓடியது. பின்னொரு முறை பெரம்பூர் லோக்கோ ஒர்க்ஸில் வருஷக்கணக்கில் வைத்து அதைச் சீர்செய்தார்கள். பாகங்கள் மாறின என்பதற்காக அதை யாரும் போலி என்று சொல்லவில்லை. ஆனால் மாத்தேரானின் நான்கு ஜெர்மன் எஞ்சின்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் பழமைவாதி. அந்தக் குழாய் அச்சுகளையும் உருண்டை மூட்டுகளையும் ஓட்டித் தேய்க்கக் கூடாது. அவை ஆராய்ச்சிக்கும் அளவெடுப்பதற்கும் மூலப்பிரதிகள். கூரை போட்டு, எண்ணெய் தடவி, அப்படியே காக்க வேண்டும். ஓட்டுவதற்கு 794 மாதிரி ஒன்று போதும்.

சரி, ஊட்டியில் எப்படி முடிகிறது? இங்கே ஒரு சின்ன விளக்கம்: ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர். இந்திய ரயில்வே கணக்கில் அது நேரோ கேஜில், அதாவது குறுகிய பாதையில், சேராது. நம் நேரோ கேஜ் இரண்டு அடியும் இரண்டரை அடியும்தான். டார்ஜிலிங், மாத்தேரான் இரண்டு அடி. கால்கா–சிம்லா, காங்க்ரா இரண்டரை. அது கிடக்கட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்றும் நீராவி இருப்பதற்குக் காரணம் பாரம்பரியப் பாசம் மட்டுமல்ல, வேலையின் தேவையும்தான். கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏற்றம். தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம், எஞ்சினின் அடியில் பற்சக்கரம். எக்ஸ் வகுப்பு எஞ்சினில் இரண்டு ஜோடி சிலிண்டர்கள் இருக்கும். ஒரு ஜோடி சாதாரண சக்கரத்தை ஓட்டும். அதில் வேலை செய்து வெளியேறும் நீராவியை அடுத்த ஜோடிக்கு அனுப்பிப் பற்சக்கரத்தை ஓட்டுவார்கள். ஒரே நீராவி இரண்டு முறை உழைக்கிறது. இந்த வேலைக்கு இவ்வளவு கச்சிதமான எஞ்சினுக்கு மாற்று கிடைப்பது லேசல்ல. பற்சட்டம் முடியும் குன்னூருக்கு மேலே டீசல்தான் இழுக்கிறது என்பதைப் பார்த்தாலே விஷயம் புரியும்.

அதைவிட முக்கியமான காரணம் பொன்மலை. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த மூல எஞ்சின்கள் தேய்ந்துபோனபோது, 2011 முதல் 2014 வரை எண்ணெயில் எரியும் நான்கு புது எஞ்சின்களைப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பே செய்துகொடுத்தது. 2021இல் நிலக்கரியில் எரிவதையும் செய்தார்கள். நீராவி போய்விட்டது என்று உலகமே கதவைச் சாத்திய பிறகு, திருச்சியில் தகடு வளைத்து, ஸ்டே அடித்து, பாய்லர் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. டார்ஜிலிங்குக்குத் தின்தாரியா ஒர்க்‌ஷாப் அப்படித்தான். 1889 முதல் 1927 வரை செய்த பி வகுப்பு எஞ்சின்கள் 34. அதில் மூன்று தின்தாரியாவிலேயே பாகங்களைச் சேர்த்துச் செய்யப்பட்டவை. அங்கே எஞ்சினின் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து, சக்கரம் வழுக்கும்போது தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள். கரிக்கட்டியை உடைக்க ஓர் ஆள் தனி. டிரைவர், ஃபயர்மேனோடு சேர்ந்து ஒரு குட்டி எஞ்சினுக்கு இத்தனை பேர். அவர்களுக்கு அது வேடிக்கைப் பொருள் அல்ல, தினசரி வேலை. தினம் ஓடுவதால்தான் கை பழக்கம் விடாமல் இருக்கிறது.

மாத்தேரானில் அறுந்துபோனது அந்தச் சங்கிலிதான். எஞ்சினை லாரியில் ஏற்றிக் கொண்டு வந்துவிடலாம். அதைக் காலையில் எழுப்பத் தெரிந்தவரைக் கொண்டு வருவது சுலபமல்ல. குளிர்ந்து கிடக்கும் பாய்லரை அவசரப்பட்டுக் காய்ச்சினால் அடுப்புத் தகடு முதலில் விரியும், வெளித்தகடு பின்தங்கும், டியூப் முனைகள் ஒழுகத் தொடங்கும். முதலில் சின்னதாய் விறகு நெருப்பு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரி, பல மணி நேரம் பொறுமை. ஓடும்போது கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டத்திலிருந்து கண் எடுக்கக் கூடாது. மலையில் அது தந்திரமான வேலை, ஏனென்றால் ஏற்றத்தில் தண்ணீர் பின்பக்கம் சாயும், இறக்கத்தில் முன்பக்கம். ஏற்றத்தில் போதும் என்று தெரிந்த மட்டம் சமதளத்துக்கு வந்ததும் அடுப்பின் மேல்தகட்டை வெறுமையாக்கிவிடலாம். அப்படி ஆனால் காப்பாற்றுவதற்கு அந்தத் தகட்டில் ஈய ஆணி ஒன்று இருக்கும். நம் வீட்டுக் குக்கர் மூடியில் உருகுகிற குமிழ் இருக்கிறதல்லவா, அதே தத்துவம். ஆணி உருகினால் நீராவி அடுப்புக்குள் சீறி நெருப்பை அடக்க முயலும், ஃபயர்மேனையும் உஷார்ப்படுத்தும். நல்ல ஃபயர்மேன் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட அதை உருகவிட மாட்டான். இந்தப் பழக்கத்தைப் புத்தகத்தில் கற்க முடியாது, பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும்.

பிரிட்டனில் இதைத் தொண்டர்கள் சாதித்தார்கள். வேல்ஸில் டாலிலின் என்ற சிறு ரயிலை 1951இல் ரயில் ஆர்வலர்கள் கையில் எடுத்து ஓட்டினார்கள். உலகில் தொண்டர்கள் ஓட்டிய முதல் பாரம்பரிய ரயில் அதுதான். பக்கத்தில் ஃபெஸ்டினியோக் ரயில் தன் பாஸ்டன் லாட்ஜ் ஒர்க்‌ஷாப்பில் இரட்டைத் தலை ஃபேர்லி எஞ்சின்களைப் புதிதாகவே செய்கிறது. நம் ஊரில் அரசு ரயில்வேக்கு உள்ளே வெளியாள் சுத்தியல் பிடிக்க இடமில்லை. ரயில்வேயின் எஞ்சின் பாய்லருக்கு, மில் பாய்லர்களை ஆண்ட 1923ஆம் வருஷச் சட்டம்கூடப் பொருந்தியதில்லை. அவர்களே சோதித்து அவர்களே சான்று கொடுப்பார்கள். அது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓய்வுபெற்ற ஃபயர்மேனும் இளம் ஆர்வலனும் ஒரே ஷெட்டில் சந்திக்க வழியில்லாமல் போகிறது.

மாத்தேரானுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. மழைக்காலத்தில் நேரல்–அமன் லாட்ஜ் பகுதி மூடப்பட்டுவிடும், மேலே அமன் லாட்ஜ்–மாத்தேரான் மட்டும் ஓடும். ஆண்டில் நான்கு மாதம் எஞ்சின் சும்மா நின்றால், பாய்லரை வடித்து, உலர்த்தி, ஈரம் இழுக்கச் சுண்ணாம்புத் தட்டு வைத்து மூட வேண்டும். செய்யாவிட்டால் ஓடித் தேய்வதைவிட நின்று துருப்பிடிப்பது அதிகம். தண்ணீர் இன்னொன்று. நடுவழியில் வாட்டர் பைப் என்றே ஒரு ஸ்டேஷன் இருப்பது சும்மா இல்லை. கடினத் தண்ணீரை ஊற்றினால் டியூபில் உப்புப் படிந்து வெப்பம் ஏறாது, அடிக்கடி வாஷ் அவுட் செய்ய, அதாவது பாய்லரின் உள்ளே கழுவ வேண்டும். 2016இல் வண்டி தடம்புரண்டு சேவை நிறுத்தப்பட்ட பின் பெட்டிகளுக்குக் காற்று பிரேக் வந்துவிட்டது. பழைய எஞ்சினுக்குக் கம்ப்ரஸர் சேர்க்க வேண்டும். அப்புறம் நெருப்பு. கோடையில் காய்ந்த காட்டுக்குள் கரி எஞ்சினின் பொறி பறப்பது விளையாட்டல்ல. அமெரிக்காவின் டுராங்கோ–சில்வர்டன் நேரோ கேஜ் ரயில், 2018இல் பெரிய காட்டுத்தீக்குக் காரணம் என்று வழக்கில் சிக்கியபின், தன் எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்றியது.

அப்படியென்றால் நாமும் எண்ணெய்க்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். அங்கேயும் ஒரு பாடம் இருக்கிறது. 2002இல் டார்ஜிலிங்கின் 787 எண் எஞ்சினை ஊட்டி முறையில் எண்ணெய்க்கு மாற்றினார்கள். பர்னருக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் மின்சாரம் வேண்டி டீசல் ஜெனரேட்டர், பிரேக்குக்கு டீசல் கம்ப்ரஸர், இதையெல்லாம் அந்தச் சின்ன உடம்பில் ஏற்றியதில் எஞ்சினின் தோற்றமே மாறிப்போனது. சோதனை ஓட்டம் திருப்தி தரவில்லை, முறையான சேவைக்கு அது வரவேயில்லை. ஊட்டியின் பெரிய எஞ்சினில் சரிப்பட்டது இந்தக் குட்டி அடுப்பில் சரிப்படவில்லை. நீராவியிலேயே எண்ணெயைத் தெளிக்கும் எளிய பர்னர் வைத்து, கம்ப்ரஸரைப் பெட்டியில் ஏற்றினால் ஒருவேளை முடியலாம். இது என் யோசனை மட்டுமே, செய்து பார்த்தால்தான் தெரியும்.

பணமா மனமா என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால் இரண்டையும்விட ஆள்தான் பிரச்சினை. பொன்மலையிலிருந்தோ தின்தாரியாவிலிருந்தோ இரண்டு மூன்று பேரை ஒரு குளிர்காலம் முழுக்க நேரலில் வைத்து, இங்குள்ள இளைஞர்களைப் பழக்கி, 794ஐ நேரலிலிருந்து வழியில் இருக்கும் ஜும்மாபட்டி ஸ்டேஷன் வரை மட்டும் வாரக் கடைசியில் ஓட்டலாம். முழு மலையும் ஏற வேண்டாம். காட்டுத்தீ பயம் குறைந்த டிசம்பர், ஜனவரி போதும். டீசல் எஞ்சினுக்கு நீராவி எஞ்சின் மாதிரி உறை மாட்டி ஓட்டுவதை நான் மதிக்கவில்லை. குழந்தைகள் கை தட்டலாம்; ஆனால் அதைச் செய்த காசில் ஒரு செட் பாய்லர் டியூபாவது வாங்கியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அதுவரை பிள்ளைகளுக்கு உண்மையான நீராவியைக் காட்ட வேண்டுமென்றால், தமிழ்நாட்டுக்குப் போகும்போது மேட்டுப்பாளையத்தில் ஏறுங்கள். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பே பதிவு செய்யுங்கள். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், அதனால் வழியில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் பின்பக்கம் நடந்து போய்ப் பாருங்கள். நேரோ கேஜ்தான் வேண்டுமென்றால் டார்ஜிலிங்–கூம் சுற்றுலா வண்டி. சிம்லாவில் சுமார் 1905இல் செய்த கேசி 520 எஞ்சின் சிறப்பு வண்டிகளை கைத்லிகாட் வரை இழுக்கிறது, ஆனால் அது நாள்தோறும் ஓடுவதல்ல, விசாரித்துக்கொண்டு போக வேண்டும். அடுத்த முறை நேரல் போனால், நிற்கும் எஞ்சினின் சக்கரங்களுக்கு நடுவே குனிந்து அச்சைப் பார்க்கச் சொல்லுங்கள். முன் அச்சும் பின் அச்சும் நடு அச்சைவிடத் தடித்துத் தெரிந்தால் அது மாத்தேரானுக்கே பிறந்த ஜெர்மன் எஞ்சின். நான்கே சக்கரமும் பாய்லர் மேல் சேணம் மாதிரித் தொட்டியும் இருந்தால் டார்ஜிலிங்கிலிருந்து வந்தது.